தவமலர் சிரித்துக்கொண்டிருக்கவில்லை

தவமலர் இறந்துவிட்டார் என்ற செய்தி, நாங்கள் முன்பு வேலை செய்த உதவி நிறுவனத்தின் கொழும்புத் தலைமையகத்திலிருந்துதான் எனக்கு வந்தது. "எப்போதும் புன்னகையோடு பணியாற்றிய எங்கள் சகோதரி" என்று எழுதியிருந்தார்கள். கைபேசியைக் கட்டிலில் வீசினேன். அவரை வேலையை விட்டு அனுப்பியவர்களே அவர்கள்தான்.

வாகரைப் பக்கம் சண்டை மூண்டு, சனம் காட்டு வழியாக மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்த காலம் அது. எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் தவமலர். முகாம்களில் சனத்தின் பெயர்களைப் பதிவு செய்தவன் நான். நிவாரண அட்டை அச்சிடும் மென்பொருளைத் தலைமையகத்தின் சேர்வர் என்ற மையக் கணினியிலிருந்துதான் இணையம் வழியாக இறக்க வேண்டும். எங்கள் கணினிகள் எதுவும் அதற்குள் நுழையவில்லை. காத்திருந்து காத்திருந்து, இணைப்புக் கிடைக்கவில்லை என்று காட்டி நின்றுவிடும்.

"உங்கட லைன் சரியில்ல" என்றார் கொழும்பு அதிகாரி.

"லைன் சரியில்லாட்டி மெயில் எப்பிடி வருது? மத்த சைட்டெல்லாம் எப்பிடித் திறக்குது?" என்று கேட்டார் தவமலர். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

தவமலர் கடவுச்சொல்லை மாற்றினார், கணினியை மாற்றினார். பிறகு ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி, எங்கள் அம்பாறை அலுவலகத்துக்குப் போனார். அங்கே அதே கணினி உடனே இணைந்தது. மென்பொருளை இறக்கிக்கொண்டு திரும்பும் வழியில், ஒரு சாவடியில் மடிக்கணினியைப் பறித்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு வந்தவர் நேரே தொலைபேசியை எடுத்தார். "அம்பாறைக்குத் திறக்குது, எங்களுக்குத் திறக்குதில்ல. உங்கட சேர்வர்தான் மட்டக்களப்ப மறிச்சு வச்சிரிக்கு. ஓமா, இல்லையா?"

"ஓம். பாதுகாப்புக்காக மறிச்சிருக்கிறம்" என்றார் அதே அதிகாரி. தெரிந்துகொண்டே எங்கள் லைனைக் குறை சொல்லியிருக்கிறார்.

அப்போது முகாமில் அட்டையில்லாததால் அரிசி கிடைக்காமல் சனம் வெயிலில் நின்றது. பனிச்சங்கேணியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் தவமலரிடம் கேட்டார்: "எங்கட பேர் அந்தப் பெட்டிக்குள்ள ஏறாட்டி, நாங்க உயிரோட இல்லையா புள்ள?"

தவமலர் களஞ்சியப் பொறுப்பாளரிடம் போனார். "என்ட பொறுப்பில அரிசியக் குடுங்க. ஆரும் கேட்டா என்னைக் கேக்கச் சொல்லுங்க."

அன்றே அரிசி கொடுக்கப்பட்டது. பின்னர் கொழும்பில் சத்தமில்லாமல் தடையை நீக்கினார்கள். தடை போட்டவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. தவமலருக்கு மட்டும், விதியை மீறினார் என்று வேலை போயிற்று. அதை அறிவித்த கூட்டத்தில் நானும் எழுந்து கத்தினேன், அவர்கள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நிறுவனமும் அவரை எடுக்கவில்லை. கடைசிவரை குருக்கள்மடத்தில் ஒரு சிறிய கடையில் கணினி திருத்தினார். சிறுநீரகம் பழுதாகி இறந்தார்.

செத்தவீட்டுக்குத் தலைமையகத்திலிருந்து மலர்வளையம் வந்தது. அவருடைய அக்கா வாசலிலேயே மறித்தார். "இத எடுத்துக்கொண்டு போங்க. அவள் உங்கள மன்னிக்கல்ல. நாங்களும் மன்னிக்கல்ல."

தவமலரைத் தெரிந்தவர்களே, அவரை அமைதியானவர் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அவர் கோபக்காரி. பசித்தவரைக் காக்க வைப்பவர்கள் மீது வந்த கோபம் அது. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பதும் அதுதான். அதை ஆற விடமாட்டேன்.