கிடங்கையும் சேர்த்து அளந்த வீடு

என் மச்சான் ரோசேருக்குப் பொய் சொல்லத் தெரியாது, பெருக்கிச் சொல்லத்தான் தெரியும். ஓரடி மீன் அவர் கையில் மூன்றடி ஆகும். ஊருக்கெல்லாம் முழங்கால் பனி விழுந்தால் அவர் வாசலில் மட்டும் இடுப்பளவு விழும். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், உருளைக்கிழங்கு போடுகிற எங்கள் ஊரில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் வீட்டைச் சூடாக்க ஓட்டை விறகடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஏழு குளிர்காலத்தை ஓட்டினார் பாருங்கள், அதுதான் என் அக்கா ஓடிலுக்குப் பொறுக்கவில்லை.

போன அக்டோபரில் அவள் பெட்டியைக் கட்டி வாசற்கதவருகே வைத்துவிட்டாள்.

"இதோ பாரு ரோசேர், இந்த வருஷமும் நான் கம்பளிக்குள்ள வெறைச்சுக் கெடக்க மாட்டேன். உருப்படியா ஒரு அடுப்பு வாங்கு. இல்லேன்னா ஃப்ளோரிடாவுக்குப் பெரியக்காகிட்ட போயிடுவேன். திரும்பி வருவேன்னு கனவு காணாத."

மச்சான் மறுநாளே கிளம்பினார். துணைக்கு நானும் அடுப்புக் கடைக்குப் போனேன். கடைக்காரி தெல்மா எடுத்த எடுப்பில் கேட்டாள்: "வீடு எத்தனை சதுர அடி?"

வீடு எண்ணூறு அடி. ஆனால் கடையில் ஊர்க்காரர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"ரெண்டாயிரத்து இருநூறு!" என்றார் மச்சான். வைக்கோல் கொட்டகையையும் உருளைக்கிழங்குக் கிடங்கையும் சேர்த்துக்கொண்டார், மகராசன்.

"மச்சான்..." என்று இழுத்தேன். என் காலை மிதித்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றாள் தெல்மா. "சின்ன வீட்டுல பெரிய அடுப்பு வெச்சா வெந்து சாவீங்க. சூடு தாங்காம அடக்கி எரிச்சா, புகைபோக்கியில தார் கட்டித் தீப்பிடிக்கும்."

"என் வீடு எனக்குத் தெரியாதா?"

அந்தப் பெரிய அடுப்பை நாலு பேர் தூக்கி வந்து இறக்கினார்கள். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான் அப்புறம். ஜனவரியில், ஃபாரன்ஹீட் கணக்கில், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி, உள்ளே தொண்ணூற்று நாலு. மேஜையில் மெழுகுவர்த்தி தலை கவிழ்ந்தது. பூனை கொட்டகைக்குக் குடிபோயிற்று. அடக்கி எரித்துப் பார்த்தார், குழாயில் கறுப்புச் சாறு வடிந்தது. புகைபோக்கியைச் சுரண்டி இரண்டு வாளி கரி எடுத்தவன் நான்தான். கடைசியில் பனிக்காற்று அடிக்க அடிக்க ஜன்னல்களையெல்லாம் திறந்து போட்டார். வழியில் போகிறவர்கள் கேட்டால், "காத்தோட்டம் ஒடம்புக்கு நல்லது" என்பார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆசாமி.

ஒரு சனிக்கிழமை காலை நான் போனபோது அக்கா கையில்லாத கவுனில், விதை விலைப்பட்டியலால் விசிறிக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் பெட்டி.

"எங்கக்கா கெளம்பிட்ட? இப்பதான் குளிரலையே!"

"ஃப்ளோரிடாவுல பெரியக்கா வீட்டுல ஏசி இருக்குடா!" என்றவள் மச்சான் பக்கம் திரும்பினாள். "நாலு மணிக்கு பஸ். அதுக்குள்ள தெல்மாகிட்ட போய் உன் வாயால நெசத்தைச் சொல்லிட்டு வா. சொன்னா இருக்கேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. மச்சான் தொப்பியை எடுத்தார்.

சனிக்கிழமையாதலால் கடையில் பாதி ஊர் இருந்தது. மச்சான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் முட்டியது.

"தெல்மா, என் வீடு எண்ணூறு அடிதான்."

"அப்ப மிச்சம் ஆயிரத்து நானூறு?"

"கொட்டகை. அப்புறம்... கிடங்கு."

"ஏன்ப்பா, உருளைக்கிழங்கு குளிருதுன்னு அழுதுச்சா?"

கடையே அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒருவன், "அப்ப அந்த மூணடி மீனு?" என்றான்.

"அடேய், அது மூணடியேதான்டா!" என்று மச்சான் கத்தினார். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுக்கொடுக்க முடியுமா?

தெல்மா யானையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, இரண்டு பேர் தூக்கக்கூடிய அடுப்பாக ஒன்று கொடுத்தாள். நாலு மணி பஸ் அக்கா இல்லாமல் போயிற்று.

பெட்டியிலிருந்த துணிகளை அவள் அலமாரியில் வைத்தாள். காலிப் பெட்டியை மட்டும் பரணில் ஏற்றவில்லை, புது அடுப்புக்குப் பக்கத்திலேயே சுள்ளி போட்டு வைத்திருக்கிறாள். விருந்தாளி யாராவது வீட்டின் அளவைக் கேட்டால், மச்சான் அந்தப் பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்.