பல் முளைக்காத டைனோசர்

போன வாரம் என்னால் ஒரு டைனோசருக்குக் கோபம் வரவழைக்க முடியவில்லை.

டீ-ஷர்ட்டில் அச்சாகும் படங்களை வரைவதுதான் என் பிழைப்பு. பட்டாம்பூச்சி, மண்டை ஓடு... எது கேட்டாலும் கம்ப்யூட்டரில் வரைந்து தள்ளிவிடுவேன். ஆனால் அன்றைக்குத்தான் தியான முகாம் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். முகாமில் பேச்சு கிடையாது, செல்போன் கிடையாது, ராத்திரி சாப்பாடும் கிடையாது. மனசு அலசிக் காயப்போட்ட துணி மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்தார். நன்றி சொன்னேன்!

அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனிக்குள் நுழைந்ததும் பிரகாஷ் ஓடி வந்தார். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரோடு மெயிலில் மல்லுக்கட்டும் மெர்ச்சண்டைசர் அவர்.

"அக்கா, பசங்க டீ-ஷர்ட்டுக்குக் கோவமான டைனோசர் வேணுமாமுங்க. சாயங்காலம் சாம்பிள் கூரியர்ல போகோணும். இல்லீன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிருமுங்க."

"எல்லாம் நல்லபடியா நடக்கும், பிரகாஷ்" என்றேன், தேன் தடவிய குரலில். அவர் பயந்துவிட்டார்.

வரைந்தேன். டைனோசர் புன்னகைத்தது. இன்னொன்று வரைந்தேன் — அது கண்ணையே மூடிக்கொண்டது!

பிரிண்டிங் மாஸ்டர் செல்வராஜ் எட்டிப் பார்த்தார். திருநெல்வேலிக்காரர். "யக்கா, இது கடிக்குமா, ஆசீர்வாதம் பண்ணுமா? எங்க பாதிரியாரே இதவிடக் கோவமா இருப்பாருல்லா."

கோபம் வரட்டுமென்று பவர்கட்டை நினைத்துப் பார்த்தேன். இருட்டிலும் ஓர் அமைதி இருக்கத்தானே செய்கிறது? அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. ஞானம் வந்தால் வேலை போய்விடுமா? எனக்கு வேறென்ன தெரியும்?

பிரகாஷ் தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா... நீங்க இல்லாதப்ப சேர்ந்த டிசைனர் பொண்ணு ஒண்ணு வரைஞ்சிருக்குதுங்க. அதையே அனுப்பிரட்டுங்களா?"

பார்த்தேன். போன வருஷம் நான் வரைந்த டைனோசர்! இடப்பக்கம் பார்த்ததை வலப்பக்கம் திருப்பி, பச்சையை ஊதாவாக்கி...

காது சுட்டது. "ஏன் பிரகாஷ், உங்க கண்ணு ரெண்டும் லீவுல போயிருக்கா?"

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "மாஸ்டர், அக்கா இப்பத்தானுங்க வந்திருக்காங்க!"

அப்புறம் என் கையைப் பிடிக்க முடியவில்லை. பல் வந்தது. நகம் வந்தது. மூக்கிலிருந்து புகை வந்தது — யார் மூக்கு என்று கேட்காதீர்கள். வரைந்து முடித்தபோது கோபமும் தீர்ந்திருந்தது. கோபத்தை விடு என்றுதான் முகாமில் சொன்னார்கள். எங்கே விடுவது என்று சொல்லவில்லையே... நான் டீ-ஷர்ட்டில் விட்டேன்.

சாம்பிள் போனது. பையரும் ஓகே சொல்லிவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி என் சீட்டுக்கு வந்தாள். "சாரி மேடம். அது உங்க படம்னு தெரியலீங்க, பழைய ஃபைல்ல கிடந்துச்சு. ஆனா இந்த டைனோசருக்கு இவ்வளவு வெறி எப்படீங்க வந்துச்சு? எனக்கும் சொல்லிக் குடுங்க."

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு சொன்னேன்:

"தியானம்தான் கண்ணு!"