கத்தக் கூடாத முப்பது நாள்

1938 டிசம்பர் 11, காலை ஆறேகால் மணி. கல்லூரி விடுமுறைக்குப் பூம்பாறைக்கு வந்திருந்த நான், தேர்வுக்காகச் செய்யுளொன்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் அடியில் குரல் அறுந்தது. இருமினேன், புத்தகத்தின் மேல் இரத்தம் தெறித்தது.

எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் பூண்டைக் கட்டுக்கட்டாக வீட்டு உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, சன்னல்களை அடைத்துவிடுவார்கள். புகையேறிய பூண்டு அழுகாது. அந்த வாரங்களில் புகைக்குள்ளேயே உண்டு உறங்குவோம். என் தந்தைக்கு அது போதாது. ஒரு சுருட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைப்பவர். குளிருக்காக ஆண்டு முழுவதும் கதவடைத்த அறையில் நாங்கள் சுவாசித்தது அந்தச் சுருட்டுப் புகையைத்தான்.

இரத்தத்தைக் கண்டும் அவர் கலங்கவில்லை.

"பூண்டையே அழுகாமக் காக்குற பொகை, உன் தொண்டையையா அழிச்சிரும்? அடுப்போரமா உக்காரு ஆத்தா."

மூன்று நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் இருமல் என்னைத் தரையில் வீழ்த்தியது. வாயில் மீண்டும் இரத்தம். பூண்டு சுமக்கும் மட்டக்குதிரையில் ஏற்றி அம்மா என்னைக் கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார்.

மருத்துவர் என் நாக்கைத் துணியால் பிடித்திழுத்து, சிறு கண்ணாடியொன்றைத் தொண்டைக்குள் நுழைத்தார். குரல்நாண்கள் (அதிர்ந்து ஒலியெழுப்பும் இரு மடிப்புகள்) வீங்கியிருந்தன, ஒன்றில் புண்.

"சுருட்டு குடிப்பியாம்மா?"

"குடிக்கிறது இவங்கய்யாங்க. இவ புத்தகந்தான் குடிப்பா," என்று அம்மா சீறினார்.

"ஊதுறது ஒருத்தர், உள்ள இழுக்குறது மூணு பேரு," என்றார் மருத்துவர்.

முப்பது நாள் பேசக் கூடாது. புகையுள்ள இடத்தில் இருக்கக் கூடாது. கத்தினால் புண் கிழிந்து குரல் திரும்பாமலே போகலாம். இவற்றைச் சொல்லிவிட்டு, வெள்ளி உப்புக் கரைசலில் (புண்ணைச் சுட்டு ஆற்றும் மருந்து) நனைத்த பஞ்சை உள்ளே வைத்தார். காய்ச்சிய ஈயம் இறங்கியது போலிருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் என் நகம் ஒன்று பெயர்ந்தது.

நெருப்பைக் காக்க ஆள் வேண்டும் என்று தந்தை எங்களை வீட்டைவிட்டு நகரவிடவில்லை. புகை அடங்கவில்லை. பன்னிரண்டாம் நாள், வாயால் கேட்க முடியாத நான், களை வெட்டும் களைக்கொட்டை எடுத்துச் சன்னல் பலகையைப் பிளந்தேன். பனிக்காற்று பாய்ந்தது.

"ஒரு வருசப் பாடுடி அந்தப் பூண்டு!"

தந்தை களைக்கொட்டைப் பிடுங்கி அதன் காம்பால் அடித்தார். தோளில், முதுகில், பிறகு நான் எண்ணவில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கத்தல் தொண்டைவரை ஏறியது. தாவணியை வாய்க்குள் திணித்துக் கடித்தேன். இதே நோயுடன் இதைப் படிப்பவரே, அதை வீரம் என்று எண்ண வேண்டாம். எனக்கு வேறு வழியில்லை.

அம்மா இடையில் பாய்ந்து, அவர் வாயிலிருந்த சுருட்டைப் பறித்து நெருப்போடு தன் உள்ளங்கையில் நசுக்கினார்.

"அவ கத்தலைன்னா வலிக்கலைன்னு அர்த்தமா? வழிய விடுங்க!"

அன்றே செண்பகனூரிலுள்ள சித்தி வீட்டுக்குப் போய்விட்டோம்.

முப்பதாம் நாள், "ஆ சொல்லும்மா," என்றார் மருத்துவர். வந்த ஒலி எனக்கு அந்நியம்: தாழ்ந்து, ஓரம் தேய்ந்து, பாதி மூச்சு கலந்தது. இவ்வளவுதான் மிஞ்சும் என்றார். அதுமுதல் வாக்கியத்தை மூச்சால் அளந்த பின்பே வாய் திறக்கிறேன். ஒரு நாளில் என் தொண்டை எத்தனை சொற்களைத் தாங்குமோ அத்தனையே அந்நாளின் நீளம். முன்பு இருப்பதே தெரியாதிருந்த தொண்டை, இப்போது உறக்கத்திலும் விழித்திருக்கிறது.

மறுநாள் வெள்ளனே தந்தை சித்தி வீட்டு வாசலில் நின்றார், வாயில் சுருட்டோடு.

"வீட்டுக்கு வா ஆத்தா. ஒடைஞ்ச பலகைய ஆணி வச்சு நல்லா அடைச்சிட்டேன்."

"நீங்க சுருட்டு குடிக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேங்கய்யா."

அவர் என் பக்கம் காதைச் சாய்த்துக் குனிந்தார், கேட்கவில்லை போலும். அம்மாவைப் பார்த்தேன். அவர் எனக்காகச் சொல்ல வாயெடுத்தார். கையமர்த்திவிட்டு, அதையே இன்னொரு முறை நானே சொன்னேன். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கல்லூரிக்குத் திரும்ப மலையிறங்கும் பஸ்ஸில் ஏறினேன்.