வறுத்த மண்

எங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். எதையாவது எடுத்து வறுப்பாள். ஒரு தடவை அத்தை கொடுத்தனுப்பிய மண்ணையே வறுத்துவிட்டாள்.

ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியிருந்த யுத்த காலம் அது. திருவேற்காட்டில் குத்தகை நிலத்தில் அப்பா கத்தரி போடுவார். அந்த வருஷம் நாற்றங்காலில் விதை முளைத்து இரண்டு இலை விட்டதுமே தண்டு அடியில் அழுகிச் சாய்ந்தது. மறுபடி விதைத்தார், அதுவும் சாய்ந்தது. பருவம் தவறினால் நிலத்துக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், வாயில் வைக்கமாட்டார்.

பாடியில் வாழ்க்கைப்பட்ட அத்தையின் நாற்றங்காலில் மட்டும் ஒரு செடிகூட அழுகியதில்லை. அந்த மண்ணைக் கொஞ்சம் கலந்தால் நம் நாற்றும் பிழைக்கும் என்று அப்பா தங்கையிடம் கேட்டு ஒரு பானையில் வாங்கிவந்தார். அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் சிக்கல். என் காதுகுத்துக்கு அம்மா அத்தைக்கு எடுத்துக்கொடுத்த பாக்கு நிறப் புடவையைப் பார்த்து, இதை மாட்டுக்குப் போர்த்தலாம் என்று அவள் சொல்லியிருந்தாள்.

அத்தையின் கண்ணேறும் மண்ணோடு வந்திருக்கும் என்று அம்மா முடிவு கட்டினாள். அப்பா வெளியே போனதும் கடலை வறுக்கும் இரும்புச் சட்டியில் மண்ணைக் கொட்டி, காய்ந்த மிளகாய் போட்டு, புகை கிளம்பும்வரை வறுத்தாள். எனக்குத் தும்மித் தும்மி கண்ணெல்லாம் நீர். ஆறியதும் ஒன்றும் தெரியாதவள் போலப் பானையில் திரும்பக் கொட்டிவைத்தாள்.

அந்த மண்ணைக் கலந்து போட்ட நாற்றும் படுத்துவிட்டது.

"கூடப் பொறந்தவளே ஏமாத்திட்டா. இனிமே அவ ஊட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்றார் அப்பா. அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு பாடிக்கு நடந்தாள். அத்தை களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ குடுத்த மண்ண வறுத்துட்டேன். அவரு உம்மேல கோவமா கீறாரு" என்றாள் அம்மா, நின்றபடியே.

"வறுத்தியா? இன்னா அண்ணி, கடலையா அது?" என்ற அத்தை வரப்பிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா முறைத்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"உசுரு கீற மண்ணு அண்ணி. ஈரத்துணி சுத்தி, வெயில் படாம எடுத்துகினு போ" என்று அத்தை தோண்டிக் கொடுத்தாள். தன் விதையிலும் ஒரு பிடி முடிந்து கொடுத்தாள்.

அப்பாவிடமும் அம்மாவே சொன்னாள். அவர், தின்ன வறுத்த கடலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். புது மண்ணைக் கலந்து போட்ட நாற்று நிமிர்ந்து நின்றது. நிலமும் எங்களிடமே நின்றது.

வேளாண்மை படித்த என் பேரன்தான் பிற்பாடு விளக்கினான். அத்தகைய மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் இருக்குமாம். வேரை ஒட்டி வாழ்ந்து செடியை வளர்க்குமாம், அழுகவைக்கும் பூஞ்சணத்தை அண்டவிடாதாம். வறுத்தால் பிழைக்குமா? ஆனால் ஓரிடத்தில் குடியேறிவிட்டால், தொழு உரம் போட்டுவந்தாலே அங்கேயே பெருகிக்கொள்ளுமாம். ஒரு பானை மண்ணே எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

அம்மாவோ வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள், மண் போதவில்லை என்று சொல்லி, பானை நிறையக் கொழுக்கட்டையோடு பாடிக்குக் கிளம்பிவிடுவாள். போகும்போதெல்லாம் அத்தை அந்தப் பாக்கு நிறப் புடவையைத்தான் கட்டியிருப்பாள். பாவம், அத்தைக்கு வேறு நல்ல புடவையே இல்லை போலிருக்கிறது என்று வீடு வரும்வரை வருத்தப்பட்டுக்கொண்டே நடப்பேன்.