ஓடியதற்கு ஒரு மெமோ

விமான நிலையத்தில் அவளைக் கட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வந்து நிற்கும் விமானத்தின் சக்கரங்கள் உருளாமல் முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே வேலை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பயணிகள் அவளைப் பார்த்துக் கையசைப்பார்கள். அவள் பதிலுக்கு அசைத்ததே இல்லை. விமானங்கள் வந்து நிற்கும் அந்தத் தளத்தில் சும்மா கையை ஆட்டினால், அதை விமானி வேறு மாதிரி எடுத்துக்கொள்ளக்கூடும்.

பயந்தாங்கொள்ளி என்றும் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை இன்ஜின் சுற்றுகிறது என்று கணக்கு. அது அணையாமல் எவனையும் இன்ஜின் பக்கம் போக விடமாட்டாள். பெட்டி இறக்குகிறவர்கள் பொறுமையிழந்து கத்துவார்கள். "உள்ள இழுத்துட்டா மிச்சம் மீதிய நான்தான் கூட்டி அள்ளணும். நில்லுங்கடா" என்பாள். நிற்பார்கள்.

இந்த இடத்தில்தான் அவளுடைய தம்பி, வேலையில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரியாக வந்து சேர்ந்தான். அவளைவிட ஆறு வயது சின்னவன். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தைப் பார்த்துச் சொன்னவளே அவள்தான். சேர்ந்த முதல் நாள், மாடிப்படிக்கு அடியில் அவளை ஒதுக்குப்புறமாக நிறுத்தி, "அக்கா, நம்ம உறவு இங்க யாருக்கும் தெரிய வேணாம். தப்பா எடுத்துக்காத. ஆபீஸ்ல ஒரு மாதிரி பார்ப்பாங்க" என்றான்.

"சரிங்க சார்" என்றாள்.

அதிலிருந்த குத்தல் அவனுக்கு உறைக்கவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் படியேறிப் போனான். அன்றைக்கே அவள் மனசில் அவன் இரண்டு படி கீழே இறங்கிவிட்டான்.

அதன் பிறகு அவன் செய்ததெல்லாம் போஸ்டர் ஒட்டியதுதான். சுவரில், கழிவறையில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே என்று ஓரிடம் பாக்கியில்லை. 'தளத்தில் ஓடாதே' என்று ஒன்று. கையுறை போட்ட ஒருவன் பல்லைக் காட்டிச் சிரிப்பதாக இன்னொன்று. இங்கே நிஜக் கையுறை கிழிந்து, விரல் வெளியே தெரிய ஆரம்பித்து நாலு மாதமாகியிருந்தது. "சார், புதுசு வர்ற வரைக்கும் அந்தப் படத்துல இருக்கறவன் கையில இருக்கறத கழட்டித் தரச் சொல்லுங்க" என்று அவள் கேட்டபோது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டான். எழுதுவதில் மட்டும் அவனுக்குக் குறை வைக்க முடியாது.

பாதுகாப்பு வாரம் வந்தது. வாசகம் அச்சடித்த தொப்பி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தொப்பி! காற்றடிக்கிற தளத்தில், இன்ஜினுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தொப்பி. அவள் தன்னுடையதை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். அவனோ மாட்டிக்கொண்டு, போட்டோ எடுக்கிறவர் ஒருவரோடு காலை பத்தரை மணி விமானத்துக்குத் தளத்தில் வந்து நின்றான். காலில் வெள்ளை ஷூ.

அந்த விமானத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நின்ற பிறகு உள்ளே மின்சாரம் தரும் சின்ன இன்ஜின் பழுது. அதனால் தரையிலிருந்து மின்கம்பி மாட்டும்வரை வலது பக்கத்துப் பெரிய இன்ஜினை ஓடவிடுவார்கள் என்று காலையிலேயே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்தத் தாளில் முதல் கையெழுத்தே பாதுகாப்பு அதிகாரியுடையது. படித்தானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

விமானம் வந்து நின்றது. அவள் நேர் முன்னாலிருந்து போய் மூக்குச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தாள். அப்போது பார்க்கிறாள்: விமானத்தைச் சுற்றித் தரையில் போட்ட சிவப்பு எல்லைக்கோட்டைத் தாண்டி, போட்டோக்காரரைப் பார்த்தபடி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே பின்னுக்கு நடக்கிறான் அவள் தம்பி. முழு விமானமும் படத்தில் விழ வேண்டுமாம். அவன் முதுகுக்குப் பின்னால், வாயைத் திறந்துகொண்டு அந்த வலது இன்ஜின்.

"டேய் மூக்கா!"

சின்ன வயதில் எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். அவன் காதில் கவசம், விழவில்லை. அவள் ஓடினாள். நாற்பத்தைந்து வயது, முழங்கால் வலி, கனத்த பூட்ஸ், எல்லாவற்றோடும் ஓடினாள். சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்ததில் இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். தொப்பி மட்டும் விழவில்லை. எழும்பி, ஒரு முறை புரண்டு, இன்ஜினுக்குள் போய்விட்டது. 'டப்' என்றுகூடச் சத்தமில்லை.

அவள் கையில் காலர் கிழிந்து வந்திருந்தது. தரையில் கிடந்த அவனைத் தடவித் தடவிப் பார்த்தாள். கை, கால், தலை, எல்லாம் இருந்தது.

அவன் முதலில் பேசியது, "எல்லாரும் பார்க்கறாங்க, கையை எடு" என்பதுதான்.

இன்ஜினை நிறுத்திச் சோதித்ததில் அந்த விமானம் ஐந்து மணி நேரம் கிளம்பவில்லை. விசாரணை என்றார்கள். மறுநாள் சாயங்காலம் அவன் ஆப்பிள் பையோடு அவள் வீட்டுக்கு வந்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் வழி தெரிந்திருக்கிறது. முன்னறையில் தைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் மெஷினை நிறுத்தாமலே, "உட்காருங்க மச்சான்" என்றான்.

தம்பி ஒரு தாளை நீட்டினான். தான் கோட்டுக்கு வெளியேதான் நின்றதாகவும், ஊழியர் ஒருவர் பதற்றத்தில் இடித்ததால் தொப்பி பறந்ததாகவும் எழுதியிருந்தது.

"ஒரு கையெழுத்துதான்க்கா. உனக்கு ஒண்ணும் ஆகாம நான் பார்த்துக்கறேன்."

"நீ என்னைப் பார்த்துக்கறியா?"

"என் வேலை போயிடும்க்கா."

"நேத்து உயிரே போயிருக்கும். அதைப் பத்தி ஒரு வார்த்தை வருதா பாரு உன் வாயில. 'ஊழியர் ஒருவர்'னு எழுதியிருக்க. அக்கான்னுதான் எழுத வேணாம், பேரைக்கூட எழுதக் கை கூசுதா?"

"கோபத்துல பேசாத…"

"கோபமா? உன்மேல கோபப்படற அளவுக்கு நீ வளரலடா. ஆப்பிளை எடுத்துட்டுப் போ."

மெஷின் நின்றது. அவள் கணவன் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டான்.

கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்ததால் விசாரணையில் உண்மை வெளியே வந்தது. பாதுகாப்பு அதிகாரியே இன்ஜினுக்குள் போகப் பார்த்தார் என்று எழுதினால் நிறுவனத்தின் மானம் கப்பலேறும் என்று மேலே இருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். ஆக, அவனைத் தளத்திலிருந்து எடுத்து, பயிற்சிப் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். அறையும் முன்னைவிடப் பெரியது. அவளுக்கு ஒரு மெமோ வந்தது: விதியை மீறித் தளத்தில் ஓடிய குற்றம். பெட்டி இறக்குகிறவர்கள் அதை வாங்கி, ஒருவர் மாற்றி ஒருவர் உரக்கப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு, சிவப்பு விளக்கு அணைவதற்கு முன் அவளிடம் யாரும் கத்தியதும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துக் கட்டாயப் பயிற்சி வகுப்பு. நாற்பது பேரில் அவளும் ஒருத்தி. திரையில் விமானப் படம். அவன் கோட்டு போட்டுக்கொண்டு, ஓடும் இன்ஜினுக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று விளக்கினான். விளக்கம் சரியாகவே இருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஒரு தளத்தில் நடந்த சம்பவம் சொல்றேன். ஒரு ஆள் அஜாக்கிரதையா இன்ஜின் பக்கம் போயிட்டார்…" என்று ஆரம்பித்து, தொப்பிவரை சொல்லி முடித்தான். ஓடி வந்து இழுத்தவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஆள் ஏதோ தானாகவே தப்பித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"சந்தேகம் ஏதாவது இருக்கா?"

பின் வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சார், அந்த ஆள் இப்ப நல்லா இருக்காரா?"

யாரோ கனைத்தார்கள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்து, மூடினான். மூடி சரியாகப் பொருந்தாமல் மறுபடி மூடினான்.

"நல்லா இருக்கார்."

"சந்தோஷம் சார்" என்று உட்கார்ந்தாள்.