ஐம்பதுக்கு மேல் ஈ.சி.ஜி. பாடம்

நர்ஸ் வேலையில் ஊசி போடுவதைவிடக் கஷ்டமானது, தலை நரைத்த பிறகு மறுபடி படிக்க உட்காருவது.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் நான் ஆண் நர்ஸ். எங்களை 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். ஈ.சி.ஜி. எடுத்தால் மட்டும் போதாது, அதை வாசிக்கவும் தெரிய வேண்டும், அடுத்த மாதம் டெஸ்ட், தேறாதவர்களுக்கு ஐ.சி.யூ.வில் இடமில்லை என்று சூப்பரின்டென்டன்ட் மேடம் அறிவித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக அந்தக் காகிதத்தைக் கிழித்து டாக்டர் கையில் கொடுத்ததைத்தான் வேலை என்று நினைத்திருந்தேனா? இதே கேள்வியால் தூக்கம் கெட்ட சக நர்ஸ்களே, மேலே படியுங்கள்.

பஸ்ஸில்

திருக்கழுக்குன்றத்திலிருந்து வேலைக்கு வரும் வழியில் போனில் பாடம் பார்ப்பேன். திரை முழுக்க ஏறி இறங்கும் கோடுகள். ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பதறிப்போனேன். "வேணாம் அண்ணாத்த, இந்த ஷேர் மார்க்கெட்ட நம்பித்தான் எங்க மச்சான் வூட்டையே வித்துட்டு நிக்கிறான்!"

போனும் கையுமாக

திருவிடந்தையிலிருந்து ஒரு பெரியவரை நெஞ்சுவலி என்று கொண்டுவந்தார்கள். டாக்டர் பார்த்து, மருந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அந்த ஈ.சி.ஜி.யை போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் மகள் நின்றதைக் கவனிக்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில் போன் கீழே விழுந்தது. டாக்டர்களும் போனைப் பார்க்கிறார்கள்தான், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்கள். "இன்னா சார், போன பாத்துகினுதான் வைத்தியம் பண்றியா? இதுக்கு எங்கப்பாவ நான் வூட்லயே வெச்சுப் பாத்துருப்பேனே!"

என் நெஞ்சில்

அதற்குப் பிறகு நோயாளியின் காகிதத்தைத் தொடவே பயம். ஒரு மதியம் காலிக் கட்டிலில் நானே படுத்து, மார்பில் ஒட்ட வேண்டியதையெல்லாம் ஒட்டிக்கொண்டேன். உடன் வேலை பார்க்கும் ஸ்டெல்லா சிஸ்டர் பட்டனை அழுத்தினார். வந்த கோடு, இறங்கக் கூடாத இடத்தில் இறங்கியிருந்தது. தப்பாக ஒட்டிவிட்டேன் என்று பிடுங்கி மறுபடி ஒட்டினேன். அப்படியேதான் வந்தது. மெஷின் கோளாறோ என்று ஸ்டெல்லாவுக்கு எடுத்துப் பார்த்தோம், ஒழுங்காக இருந்தது. ஒட்டக்கூடத் தெரியாதவன் எதை வாசிக்கப் போகிறேன் என்று வெட்கமாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் கொஞ்ச நாளாக மூச்சு வாங்குவது அப்போதுகூட நினைவுக்கு வரவில்லை. கடைசியாக ஸ்டெல்லாவே ஒட்டி எடுத்தார். காகிதத்தைப் பார்த்தவர் முகம் மாறியது. "எல்லாம் கரெக்டாத்தான் ஒட்டிக்கீறீங்க பிரதர். எழுந்துக்காதீங்க, நான் போய் டாக்டர இட்டாறேன்."

டெஸ்ட் நாள்

இரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் டெஸ்ட் எழுதிய நாளில் நான் அதே ஐ.சி.யூ.வில் நோயாளியாகப் படுத்திருந்தேன். எனக்கு இனி இங்கே வேலை உண்டா என்பதுதான் கவலை. மேடம் விடைத்தாள்களோடு நேராக என் கட்டிலுக்கு வந்தார். "உங்களுக்கு டெஸ்ட்டே வேணாம் பிரதர், உடம்பு தேறினதும் இங்கயே வந்துடுங்க. உங்க ஈ.சி.ஜி.யத்தான் பேரை மறைச்சுக் கேள்வியா வெச்சேன். பாதிப் பேரு நார்மல்னு எழுதியிருக்காங்க!"

இனி எனக்கு நெஞ்சு வலிப்பதாக இருந்தால், அந்தப் பாதிப் பேர் டியூட்டியில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வலிக்க வேண்டும்.