ஜப்பானில் மாமா ஏறிய கூரை

எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஓர் ஊருக்குப் போவதென்றால் அந்த ஊரில் எங்கள் ஆட்கள் யாராவது இருக்க வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமல்ல அது. ஆனால் ரொறன்ரோவில் எனக்குத் தெரிந்த எல்லா வீடுகளிலும் அதுதான் வழக்கம். லண்டனுக்குப் போனால் அங்கே ஒரு கலியாணவீடு இருக்கும். பாரிசுக்குப் போனால் அங்கே ஒரு சித்தப்பா இருப்பார். சித்தப்பா வீட்டு யன்னலால் ஈபிள் கோபுரம் தெரியாதபடியால், போய்வந்த பலருக்கும் அது கேள்விப்பட்ட பொருளாகவே இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்துகொண்டு, தான் ஜப்பானுக்குப் போகப்போவதாக மாமா சொன்னார். அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"யப்பானுக்கோ? அங்க ஆரடா இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"பிறகு என்னத்துக்குப் போறாய்?"

"பாக்க."

"என்னத்தைப் பாக்க?"

"கூரையை."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா மிகுந்த கவனத்தோடு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மென்டில் வசித்தார். பனி கரைந்த நாளிலிருந்து மறுபடி பனி கொட்டும் நாள்வரை பக்கத்து நகரமான மார்க்கத்தின் புது வீடுகளுக்குக் கூரை போடுவது அவருடைய வேலை. தார் பூசிய ஓடுகளை அடுக்கி அடுக்கி ஆணி அடிப்பார்கள். மாலையில் தார் மணத்தோடு பக்கக் கதவால் உள்ளே வந்து, குளித்துவிட்டுத்தான் மேலே வருவார். அவருக்குக் கலியாணம் பேசி யாராவது தொலைபேசி எடுத்தால் அம்மா, "தம்பி எஞ்சினியரிங் பக்கம் செய்யிறார்" என்பார். அந்தப் 'பக்கம்' என்ற சொல் பெரிய பாரத்தைச் சுமந்தது. பெண் வீட்டாருக்கு அனுப்பிய படத்தில் மாமா அப்பாவின் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு, யாரோ மூச்சை நிறுத்தச் சொன்னதுபோல நின்றார். எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் நானும் மாமாவை எஞ்சினியர் என்றே சொன்னேன். அம்மாவிடமிருந்த நுணுக்கம் என்னிடம் இல்லை; அந்தப் 'பக்கத்தை' விட்டுவிட்டேன்.

வெளியில் நான்தான் மாமாவின் வாய். வங்கியிலும் வைத்தியரிடமும் அவர் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். ஒருமுறை பல் வைத்தியரின் வரவேற்பறையில் காத்திருந்தபோது அவர் ஒரு பழைய சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். மலைகளுக்கு நடுவே ஒரு கிராமம். புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வைத்ததுபோலச் செங்குத்தான புல்லுக் கூரைகள்.

"கீழ என்ன எழுதியிருக்கு? வாசி பாப்பம்."

"யப்பானாம். இந்தக் கூரையில ஒரு ஆணியும் இல்லையாம். கயிறாலதான் கட்டுறதாம்."

"வடிவா வாசி பிள்ளை."

நான் வடிவாக வாசித்தேன். அப்போதும் ஆணி இருக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னார். நான் வெட்கத்தோடு போய்க் கேட்க, வரவேற்பில் இருந்த பெண் சஞ்சிகையையே தந்துவிட்டாள்.

பிறகு மாமாவுக்குக் குடியுரிமை கிடைத்தது, கனடியக் கடவுச்சீட்டும் வந்தது. அதற்கு முன்பும் அவர் பல நாடுகளைக் கடந்தவர்தான். ஆனால் ஒரு நாட்டையும் பார்த்ததில்லை. அகதியாக, யாரோ ஒருவருடைய பெயரிலிருந்த கடவுச்சீட்டில் வந்தவரைப் பார்ப்பதற்காக யாரும் கூட்டிப்போகவில்லை. இந்த முறை தானே தேர்ந்தெடுத்த இடத்துக்கு, சொந்தப் பெயரில் போகப்போகிறார். இங்கிலிஷ் பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கேட்டார். அம்மா மூன்று நாட்கள் மறுத்து, நாலாம் நாள் என் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்தார். அதில் 'குடும்ப வைபவம்' என்று காரணம் எழுதியிருந்தது. சும்மா பார்க்கப் போகிறோம் என்று எழுத அம்மாவுக்குக் கை வரவில்லை.

சித்திரை மாதக் கடைசியில் போய் இறங்கினோம். நகோயாவில் இறங்கிய ஒரு மணித்தியாலத்தில் என் பதவி பறிபோயிற்று. என் ஆங்கிலம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. நான் திருத்தமான உச்சரிப்பில் வழி கேட்க, அவர்கள் சிரித்துத் தலைகுனிந்துவிட்டுப் போனார்கள். மாமா அந்தச் சஞ்சிகைப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். ஒருவர் எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பஸ் மலைக்குள் நெடுநேரம் ஏறியது. இறங்கியபோது ஓரங்களில் இன்னும் அழுக்குப் பனி கிடந்தது. ஓர் ஆறு, அதைக் கடக்க ஒரு தொங்குபாலம், அதற்கப்பால் படத்தில் இருந்த கூரைகள். எனக்குப் பசித்தது. மாமா பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு முதல் வீட்டைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தார். பிறகு கூரை வெளியே நீண்டு நிற்கும் இறப்புக்குக் கீழே நின்று கையை உயர்த்தி, வெட்டி விட்ட புல்லின் விளிம்பை உள்ளங்கையால் தடவினார். அந்தத் தடிப்பு அவருடைய முழங்கையைத் தாண்டியது.

"பாத்தியோ பிள்ளை, என்ன வேலை!" என்றார். வேறு எதையும் பார்த்து அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, நயாகரா உட்பட.

நாங்கள் தங்கிய இடமும் அப்படியொரு கூரை வீடுதான். வீட்டுக்காரரும் மனைவியும் மேல்மாடி அறைகளை விருந்தினருக்கு விட்டிருந்தார்கள். அவர்களுடைய மகள் பக்கத்து ஊரில் ஆங்கிலம் படிப்பித்தாள். அந்த ஊரில் என்னோடு பேசக்கூடிய ஒரே மனிசி அவள்தான். அவள் ஒரு பதிவுப் புத்தகத்தை நீட்டினாள். பெயர், முகவரி, தொழில். வழக்கம்போல மாமாவுக்காக நானே நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் என் கை தானாகவே 'எஞ்சினியர்' என்று எழுதியது. மகள் அதைத் தகப்பனிடம் வாசித்துக் காட்ட, அவர் இன்னும் கொஞ்சம் தாழக் குனிந்தார். மாமாவும் குனிந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு எங்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிய மீன் வந்தது. மாமா அதன்மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளைத் தூவி, மிகுந்த மரியாதையோடு சாப்பிட்டார்.

மறுநாள் காலை வெளியே ஒரே ஆரவாரம். பக்கத்து வீட்டுக்குக் கூரை மாற்றுகிறார்கள். ஊரே வந்து நிற்கிறது என்று மகள் சொன்னாள். பழைய புல்லைப் பிடுங்கியாயிற்று. சாரக்கம்புகள் கட்டியாயிற்று. கூரை முழுக்க மனிதர்கள். கீழே கட்டுக்கட்டாகப் புல். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு நாளில் வந்து இறங்கியிருக்கிறோம் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

எங்களைக் கண்டதும் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு கதிரை கொண்டுவந்து, கூரை நன்றாகத் தெரிகிற இடத்தில் போட்டார். மனைவி தேநீர் கொண்டுவந்தார். மாமா இருந்தார், எழும்பினார், ஏணிப் பக்கம் போனார். மேற்பார்வை செய்துகொண்டிருந்த முதியவர் சிரித்தபடியே குறுக்கே வந்து, இரண்டு கைகளாலும் கதிரையைக் காட்டினார். மாமா திரும்பி வந்து இருந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போனார். மறுபடி கதிரை.

"ஏன் விடுகினமில்லை எண்டு கேள்."

நான் மகளிடம் கேட்டேன். "உங்கள் மாமா பெரிய எஞ்சினியர். இது அழுக்கு வேலை. அவரை ஏற்றுவது மரியாதையில்லை என்கிறார் அப்பா" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் திரும்பி, "விழுந்திடுவியளாம். ஆபத்தாம்" என்று தமிழில் சொன்னேன்.

"எனக்கோ?" என்று மாமா சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு, "சரி, அவையின்ர ஊர், அவையின்ர சட்டம்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். கைகளை முழங்கால்களில் வைத்திருந்தார். அந்தக் கழுத்துப்பட்டிப் படத்தில் நின்றதுபோலவே இருந்தார். மேலே ஓர் ஆள் புல்லுக்கட்டைத் தவறான கோணத்தில் தூக்க, மாமாவின் தோள் தானாக அசைந்தது. தேநீர் ஆறிப்போனது.

எனக்கு அடி விழும் என்ற பயமில்லை. மாமா ஒருநாளும் அடித்ததில்லை. ஏழு கடல் தாண்டி அவர் பார்க்க வந்த ஒன்றுக்கும் அவருக்கும் நடுவில் என் கையெழுத்து நிற்கிறது என்பது மட்டும் விளங்கியது. நான் மகளிடம் போனேன்.

"நான் பொய் எழுதினேன். அவர் எஞ்சினியர் இல்லை. அவர் ரூஃபர்."

அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. ஆங்கில ஆசிரியைக்கே தெரியாத சொல்லாக அது இருந்ததில் எனக்கு அழுகை வந்தது. நான் கூரையைக் காட்டினேன், மாமாவைக் காட்டினேன், சுத்தியலால் அடிப்பதுபோல அடித்துக் காட்டினேன். "ரொறன்ரோவில் இதுதான் அவருடைய வேலை. ஒவ்வொரு நாளும்."

அவளுடைய கண்கள் விரிந்தன. திரும்பி நின்று கூரையை நோக்கி உரத்த குரலில் ஏதோ சொன்னாள். மேலே நின்ற அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தார்கள். இப்போது சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார்கள், ஆனால் கையசைத்து, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு சிரித்தார்கள். முதியவர் வந்து மாமாவின் வலது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கையையும் விரித்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"என்ன சொன்னனி?" என்று மாமா கேட்டார்.

"நீங்கள் ரூஃபர் எண்டு."

"அது இவ்வளவு நேரமும் தெரியாதோ அவைக்கு?"

நான் புத்தகத்தில் எழுதியதைச் சொன்னேன்.

"எஞ்சினியரைக் கூரையில ஏத்தமாட்டினம்தானே பிள்ளை" என்று மாமா சொல்லிவிட்டு, ஜக்கெற்றைக் கழற்றி என் கையில் தந்தார்.

ஏறிய உடனேயே ஒரு பிழை விட்டார். அப்போதுதான் பரப்பிய புல்லின்மேல் காலை வைக்க, நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மாமா காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவர்களுக்கு அது விளங்கிவிட்டது. பிறகு முதியவர் ஒருமுறை செய்து காட்டுவதும், மாமா மறுமுறை செய்வதுமாகப் போயிற்று. புல்லை எப்படிப் பரப்புவது, எப்படிக் குறுக்குக் கம்பை வைத்து அழுத்துவது, எப்படி மரச் சட்டுவத்தால் அடித்து மட்டமாக்குவது. மத்தியானத்துக்குள் அவர் சாரக்கம்புகளின்மேல், கீழே பார்க்காமலே, கட்டுகளோடு நடந்தார். அந்தச் சரிவில் அப்படி நடக்க அந்த ஊர் இளைஞர்களில் பாதிப் பேருக்கு வரவில்லை. நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

என்னை மகள் அந்தக் கூரை மாற்றும் வீட்டின் பரணுக்குக் கூட்டிப்போனாள். கூரையைக் கட்டும் கயிறு ஒரு பெரிய மர ஊசியில் வெளியிலிருந்து உள்ளே வரும். உள்ளே நிற்பவர் அதைக் கூரையின் குறுக்கு மரமான வளையைச் சுற்றித் திருப்பி வெளியே அனுப்ப வேண்டும். ஒரு ஊசி என் முகத்துக்கு நேராகப் புல்லைத் துளைத்துக்கொண்டு வந்தது. வெளியிலிருந்து தமிழ்க் குரல் கேட்டது.

"உள்ளுக்கை ஆர்?"

"நான்தான், மாமா!"

"இறுக்கிப் பிடி பிள்ளை. தொய்ய விட்டாக் கூரை ஒழுகும்."

அந்தப் பரணில் நின்ற அத்தனை பெண்களுக்கும், வெளியில் இருப்பது என்னுடைய மாமா என்று நான் கையாலும் முகத்தாலும் சொன்னேன். ஒரு தடவை போதாதென்று ஒவ்வொரு ஊசிக்கும் சொன்னேன்.

பொழுது சாயும்போது ஒரு பக்கக் கூரை முடிந்தது. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்களான முதிய கணவனும் மனைவியும் ஏணியின் அடியில் வந்து நின்றார்கள். இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்னார்கள். மாமாவின் முறை வந்தது. அவர்கள் குனிந்ததும், யாரைப் பார்த்துக் குனிகிறார்கள் என்று மாமா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஏணி மட்டும்தான் இருந்தது. பிறகு அவரும் குனிந்தார், நிமிர மறந்தவர்போல அப்படியே நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ரொறன்ரோவுக்குத் திரும்பியதும் மாமா ஜப்பானில் கூரை போட்ட கதையை வகுப்பில் சொன்னேன், கோயில் மண்டபத்தில் சொன்னேன், கலியாணம் பேச எடுத்த ஒரு அன்ரிக்குத் தொலைபேசியிலேயே சொன்னேன். ரூஃபர் என்ற சொல்லை ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தேன். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அம்மா இரண்டு நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், அயல்வீட்டு அன்ரி வந்தபோது, நான் அங்கே எடுத்த, கூரைமேல் மாமா நிற்கும் படத்தைத் தானே எடுத்துக் காட்டினார். கதையின் கடைசியில், மாமா திரும்பிப் பார்த்ததை நடித்துக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். அது ஏன் நடந்தது என்று பல வருடங்கள் நான் யோசிக்கவேயில்லை.

போன கோடையில், ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் நான் வாங்கிய வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டி வந்தது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கூரை வேலைக்காரர்கள் வந்திருக்கவில்லை. மாலையில் காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். வேலை சுத்தமாக முடிந்திருந்தது. புல்தரையில் ஓர் ஆணிகூடக் கிடக்கவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று எனக்குத் தெரியாது. ஏணியடியில் மாமா பின்னால் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒருவருடைய முகத்தையும் நான் பார்க்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.